ஷார்ட் செம் கணக்கு: மலேசியா சுங்கை சிப்புட் பிள்ளைங்க கேட்ட கேள்விங்க

யுனிவர்சிட்டி ஷார்ட் செமஸ்டர்ல 14 வாரப் பாடத்த 7 வாரத்துல அடிச்சு ஓட்டுறாங்க, அதனால லீவுல வீட்டுக்கு வர்ற பிள்ளைங்க எல்லாம் பதட்டத்தோடதான் வர்றாங்க. இந்த வாரம் வந்த கேள்விங்க இதோ.

சார், 1 + 1/2 + 1/3 + 1/4... உறுப்பு எல்லாம் ஜீரோவுக்குத்தானே போகுது, அப்புறம் ஏன் கூட்டுத்தொகை நிக்க மாட்டேங்குது?

பாதிப் பேரு விழுற குழி இதுதான் தம்பி. உறுப்பு ஜீரோவுக்குப் போகலன்னா தொடர் கண்டிப்பா குவியாது, அதாவது கூட்டுத்தொகை ஒரு எண்ணுல வந்து நிக்காது, ஆனா போனா குவியும்னு எவனும் சொல்லல. 1/3, 1/4 ரெண்டையும் கூட்டிப் பாரு, 1/2க்கு மேல வரும். 1/5ல இருந்து 1/8 வரைக்கும் நாலும் சேந்தா அதுவும் 1/2க்கு மேல, அடுத்த எட்டும் அப்படியே, இப்படி அரை அரையா சேந்துக்கிட்டே போனா எங்க போயி நிக்கும்? 14ஆம் நூற்றாண்டுலயே ஒரேம்னு ஒரு பிரெஞ்சு அறிஞர் காட்டுன வழி இது. கால்குலேட்டர நம்பாத, கூட்டுத்தொகை 10ஐத் தாண்டவே 12,367 உறுப்பு வேணும், அதுக்குள்ள நின்னுருச்சுன்னு நெனச்சுருவ.

தொடர் குவியுதான்னு பாக்க, அடுத்தடுத்த உறுப்போட விகிதம் எங்க போகுதுன்னு பாக்குற ரேஷியோ டெஸ்ட்ல 1 வந்துருச்சு, என்ன எழுதுறது?

ஒண்ணும் எழுதாத, அந்த டெஸ்ட் பதில் சொல்லாதுன்னு அர்த்தம். கம்பேரிசன், இன்டெக்ரல் டெஸ்ட்டுக்குப் போயிரு.

டிஃபரென்ஷியல் ஈக்குவேஷன், அதான் மாறுற வேகத்த வெச்சு எழுதுற சமன்பாடு, எதுக்குத்தான் உதவும் சார்?

கடையில தே தாரிக் வாங்கி மேசையில வெய்யிம்மா. தேத்தண்ணி 90 டிகிரி, வெளிய 30னு வெச்சுக்க, வித்தியாசம் 60. 10 நிமிஷத்துல 60 டிகிரிக்கு எறங்குனா வித்தியாசம் பாதியாச்சு, அடுத்த 10 நிமிஷத்துல மறுபடி பாதி, அதாவது 45 டிகிரி, 30 இல்ல. ஆறுற வேகம் வித்தியாசத்தப் பொறுத்ததுன்னு நியூட்டன் சொன்னத எழுதுனா அதுவே ஈக்குவேஷன். அந்த 60, 30, 15 இருக்கே, அது ஒவ்வொரு தடவையும் பாதியாகுற பெருக்குத் தொடர்வரிசை, தொடர், ஈக்குவேஷன் ரெண்டு பாடமும் அங்கதான் கை கோக்குது. இத மட்டும் யாராச்சும் எனக்கு அந்தக் காலத்துல சொல்லிக் குடுத்திருந்தா எவ்ளோ நல்லா இருந்திருக்கும்!

விடை சரியாத்தான் வருது, ஆனா மார்க் போகுது. ஏன்?

உன் தாளப் பாத்தேன், இன்டெக்ரேட் பண்ணும்போது வர்ற மாறிலி சி-ய கடைசியில ஒட்டுற. வை பிரைம் (வை மாறுற வேகம்) + 2வை = 6ல, ரெண்டு பக்கமும் இ அடுக்கு 2எக்ஸால பெருக்கி இன்டெக்ரேட் பண்ற அந்த வரியிலயே சி போட்டாத்தான், கடைசியா அதாலயே வகுக்கும்போது வை = 3 + சி × இ அடுக்கு −2எக்ஸ் வரும். நீ எழுதுன 3 + சி-ய திருப்பிப் போட்டுப் பாரு, சி ஜீரோவா இருந்தாத்தான் 6 வருது.