புரோகிராமிங் கேள்வி – பதில்: நேர்காணல் புதிர்கள் வேலைக்கு ஆகுமா?

கேள்வி: பைனரி சர்ச் (வரிசைப்படுத்திய பட்டியலைப் பாதிபாதியாக வெட்டித் தேடும் முறை) எழுதச் சொல்லாத நேர்காணலே இல்லை. லைப்ரரியில்தான் (ஆயத்தக் கோடு தொகுப்பு) இருக்கிறதே, வேலையில் எதற்கு?

பதில்: எழுத வேண்டி வருவது அபூர்வம்தான். அந்த உத்தி உதவுவது வேறு இடத்தில். போன மாதம் ஒழுங்காக ஓடிய புரோகிராம் இன்று ஓடவில்லை. நடுவில் 1,000 கமிட்கள் (பதிவு செய்த கோடு மாற்றங்கள்). பாதிபாதியாக வெட்டிக்கொண்டே போனால் சுமார் 10 சோதனையில் குற்றவாளி சிக்கும். கோடு மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் (Git) மென்பொருளில் இதற்கென்றே 'பைசெக்ட்' கட்டளை உண்டு. 'கிட் பைசெக்ட் ஸ்டார்ட்' கொடுத்து, இப்போதைய கமிட்டை 'பேட்' என்றும் பழையதை 'குட்' என்றும் குறியுங்கள். பிறகு 'கிட் பைசெக்ட் ரன்' என்று சோதனை ஸ்கிரிப்டை ஒப்படைத்தால் போதும். ஸ்கிரிப்ட் 0 திருப்பினால் நல்ல கமிட், 1 என்றால் கெட்டது.

கம்பைலே ஆகாத (இயங்கும் புரோகிராமாக மாறாத) கமிட்டுக்கு 125 திருப்புங்கள், தாண்டிப் போகும். அங்கும் 1 திருப்பினால் சம்பந்தமில்லாத கமிட்டின் மேல் பழி விழும். ஸ்கிரிப்டை ரெப்போவுக்குள் (கமிட்கள் சேரும் களஞ்சியம்) கமிட் செய்து வைக்காதீர்கள். பழைய கமிட்டுக்குப் போகும்போது அதுவும் பழசாகிவிடும், அல்லது காணாமலே போகும். பிழை எப்போதாவது மட்டும் தலைகாட்டும் ரகம் என்றால் இன்னும் வம்பு. ஒரே ஒரு தப்பான 'குட்' போதும், தேடல் தவறான பாதிக்குள் போய்விடும். ஒவ்வொரு கமிட்டிலும் பலமுறை ஓட்டி, ஒருமுறை தவறினாலும் 'பேட்' என்றே கொள்ளுங்கள்.

கேள்வி: லிங்க்டு லிஸ்ட்டை (ஒவ்வொரு உறுப்பும் அடுத்ததைச் சுட்டும் பட்டியல்) தலைகீழாகத் திருப்புவது?

பதில்: அநேகமாகத் தேவைப்படாது. பாயின்டர் (நினைவகத்தில் ஒரு தரவு இருக்கும் இடத்தைச் சுட்டுவது) பிடிபட்டிருக்கிறதா என்று பார்க்கத்தான் கேட்கிறார்கள்.

கேள்வி: எல்லா எண்ணும் இரண்டிரண்டு முறை, ஒன்று மட்டும் தனியாக. எக்ஸார் (பிட்களை ஒப்பிட்டு, வேறுபட்டால் 1, ஒன்றானால் 0 தரும் கணக்கு) போட்டால் அது கிடைக்கிறது. இது வெறும் வித்தைதானே?

பதில்: இல்லை. ஒரு வட்டு பழுதானாலும் தரவு போகாதபடி பல வட்டுகளைச் சேர்க்கும் ரெய்டு 5 வட்டுத் தொகுதி நிற்பதே இதன்மேல்தான். மூன்று வட்டுகளில் 5, 9, 6 இருப்பதாகக் கொள்வோம். மூன்றையும் எக்ஸார் செய்தால் 10. அது நான்காவது வட்டில் பாரிட்டியாக, அதாவது மீட்பதற்கான எண்ணாகப் பதியும். 9 இருந்த வட்டு செத்துவிட்டால், 5, 6, 10 மூன்றையும் எக்ஸார் செய்யுங்கள்: 9 திரும்ப வரும். (நிஜத்தில் பாரிட்டி ஒரே வட்டில் தேங்காமல், எல்லா வட்டுகளிலும் மாறிமாறிப் பதியும்.) இரண்டு வட்டுகள் சேர்ந்து போனால் மீட்க வழியில்லை. வட்டு சாகாமல், சத்தமின்றித் தப்பான எண்ணைக் கொடுத்தாலும் சிக்கல்தான். கணக்கு பொருந்தவில்லை என்பது தெரியும்; எந்த வட்டு பொய் சொல்கிறது என்று பாரிட்டியால் சொல்ல முடியாது.