இசை: கேள்வி – பதில்

கேள்வி: மெட்டல்கோர் இசையைச் சில ஆண்டுகளாகக் கேட்டுவருகிறேன். ஆயினும் கோட் ஆரஞ்ச் குழுவின் 'அண்டர்னீத்' ஆல்பத்தைக் கேட்கும்போது பாட்டு நடுநடுவே அறுந்து நிற்கிறது. ஒலிப்பதிவில் பழுதோ என்றுகூட ஐயுற்றேன். இப்படிச் செய்ய என்ன தேவை?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: பழுது ஏதும் இல்லை. அந்த அறுபடல்கள் ஒவ்வொன்றும் திட்டமிட்டு அமைக்கப்பட்டவை; ஆல்பத்தின் உயிரே அவற்றில்தான் இருக்கிறது என்பேன். மெட்டல்கோர் என்பது, பங்க் ராக் இசையின் ஆவேசமான வடிவமான ஹார்ட்கோர் பங்க்கின் வேகமும் மெட்டல் கிட்டாரின் கனமும் கலந்து பிறந்த இசை. வேகமாக ஓடிவரும் பாட்டு திடீரென நடை தளர்ந்து, கிட்டாரும் பேஸும் டிரம்ஸும் ஒன்றுசேர்ந்து கனமாக அடிக்கும் 'பிரேக்டவுன்' பகுதியை நீங்கள் அறிந்திருப்பீர்கள். அரங்கில் நிற்பவர்கள் அந்த இடத்துக்காகவே காத்திருப்பார்கள். இந்த இசையோடு பழகப் பழக, அது எங்கே வரும் என்பது கேட்பவரின் உடலுக்கே தெரிந்துவிடுகிறது. நினைத்த இடத்தில் நினைத்தது வந்தால் மகிழ்ச்சி பிறக்கும், அச்சம் பிறக்காது.

அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரத்தைச் சேர்ந்த இந்தக் குழுவினர் அந்தப் பழக்கத்தின் மீதே கைவைத்தார்கள். முதல் முழுப்பாடலான 'ஸ்வாலோயிங் தி ராபிட் ஹோல்' பாடலைக் கவனியுங்கள். அடி விழ வேண்டிய தருணத்தில் ஒலி முற்றிலும் அற்றுப்போகிறது. கணினியில் நறுக்கிய ஒலித்துண்டு ஒன்று வந்து, அதுவும் பாதியில் நின்றுவிடுகிறது. தாளத்தை மனத்துக்குள் எண்ணிக்கொண்டே வருபவரின் நிலை, இருட்டில் இறங்கும்போது இன்னொரு படி இருக்கும் என்று நம்பிக் காலை வைத்தவரின் நிலையாகிவிடுகிறது. தொண்டை கிழியக் கத்துவதையும் கிட்டாரின் சுருதியைத் தாழ்த்துவதையும் எந்தக் குழுவும் செய்துவிடலாம். கேட்பவரின் எண்ணிக்கையைத் தப்பவிட்டு, அந்த வெற்றிடத்தில் அவரை ஒரு கணம் நிறுத்திவைப்பதற்குத் தாளத்தில் மிகுந்த தேர்ச்சி வேண்டும். டிரம்ஸ் வாசிப்பவரும் முதன்மைப் பாடகரும் ஒருவராகவே, அதாவது ஜேமி மார்கனாகவே, இருந்தது இதற்குப் பெரிதும் உதவியிருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

கேள்வி: இருண்ட ஆல்பம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். பாடல் வரிகள் எதைப் பற்றியவை?
– வாசகி, மதுரை

பதில்: மனிதனுக்குள் இருக்கும் இரண்டு முகங்களைப் பற்றியவை. எல்லோரும் எல்லோரையும் பார்த்துக்கொண்டும், எல்லோரும் எல்லோருக்கும் தம்மைக் காட்டிக்கொண்டும் இருக்கிற இணைய உலகில், வெளியே காட்டும் முகத்துக்கு அடியில் புதைத்துவைத்த மற்றொரு முகம் என்ன ஆகிறது என்பதே ஆல்பத்தின் கேள்வி. அடியில் இருப்பதைக் குறிக்கும் தலைப்பும் அதிலிருந்தே வந்தது. ஆகவே, நறுக்கப்பட்ட ஒலிகளும் திடீர் மௌனங்களும் பொருளோடு ஒட்டியவை. திரைக்கு முன்னால் சிதறிக் கிடக்கும் கவனத்தை வரிகளில் விவரிப்பதோடு விட்டுவிடாமல், அந்தச் சிதறலைக் கேட்பவரின் காதிலேயே நிகழ்த்திக் காட்டுகிறார்கள்.

இந்த ஆல்பம் 2020 மார்ச் 13 அன்று ரோட்ரன்னர் இசை நிறுவனத்தின் வழியாக வெளிவந்தது. மறுநாள் நடக்கவிருந்த வெளியீட்டு நிகழ்ச்சிக்குக் கொரோனா பரவலால் ரசிகர்களை அனுமதிக்க முடியவில்லை. குழுவினர் பிட்ஸ்பர்க்கை ஒட்டியுள்ள ராக்ஸியன் அரங்கில், காலி இருக்கைகளுக்கு முன்னால் முழு நிகழ்ச்சியையும் நடத்தி, அதை ட்விட்ச் தளத்தில் நேரலையாக ஒளிபரப்பினார்கள். திரைகளுக்குள் அடைபட்ட வாழ்க்கையைப் பாடிய ஆல்பம், உலகமே திரைகளுக்குள் அடைபட்ட வாரத்தில் வெளிவந்ததை நினைக்கும்போது இன்றும் மனம் கனக்கிறது.

கேள்வி: எலெக்ட்ரானிக் ஒலியையும் மென்மையான பாட்டையும் சேர்த்தது விற்பனைக்காகத்தானே? பழைய ஹார்ட்கோர் ரசிகர்களைக் கைவிட்டுவிட்டார்களே!
– வாசகர், சென்னை

பதில்: உங்கள் வருத்தம் புரிகிறது, குற்றச்சாட்டை மட்டும் ஏற்க இயலவில்லை. 2008இல் பள்ளி மாணவர்களாக 'கோட் ஆரஞ்ச் கிட்ஸ்' என்ற பெயரில் தொடங்கிய இவர்கள், 2014இல் 'ஐ ஆம் கிங்' ஆல்பத்தோடு பெயரைச் சுருக்கிக்கொண்டார்கள். 2017இல் வந்த 'ஃபாரெவர்' ஆல்பத்திலேயே, 'பிளீடிங் இன் தி பிளர்' பாடலில் குழுவின் கிட்டார் கலைஞரும் பாடகியுமான ரீபா மையர்ஸ் கத்தாமல் மெட்டுக்கட்டிப் பாடியிருக்கிறார். 'அண்டர்னீத்' அந்தப் பாதையின் தொடர்ச்சியே. குழு உறுப்பினர் எரிக் பால்டரோஸ் கீபோர்டுக்கும் கணினி ஒலிகளுக்கும் கூடுதல் இடம் கொடுத்தார். நைன் இஞ்ச் நெயில்ஸ் குழுவின் முன்னாள் டிரம்மரான கிறிஸ் வ்ரென்னா இந்தப் பணியில் துணைநின்றார். தயாரிப்பில் மார்கனுடன் நிக் ரஸ்குலினெக்ஸும் வில் யிப்பும் பங்கேற்றார்கள். விற்பனை ஒன்றையே குறிக்கோளாகக் கொண்டவர்கள் ரீபாவின் மெட்டுகளை முதலில் வைத்துக் கேட்பவரை ஈர்த்திருப்பார்கள். இந்த ஆல்பமோ கேட்பவரை முதல் நிமிடத்திலிருந்தே அலைக்கழிக்கிறது. தலைப்புப் பாடல் 2021 கிராமி விருதுகளில் சிறந்த மெட்டல் நிகழ்த்துகை ('பெஸ்ட் மெட்டல் பெர்ஃபார்மன்ஸ்') பிரிவுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. விருது பாடி கவுண்ட் குழுவுக்குச் சென்றது.

ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். பதினான்கு தடங்கள் கொண்ட இந்த ஆல்பத்தின் பின்பாதியில், நறுக்கும் உத்தி சில இடங்களில் அளவுக்கு மிஞ்சி வருகிறது. மூன்றாம் முறை பாட்டு அறுபடும்போது காது அதற்கும் பழகிவிடுகிறது.

கேள்வி: இதுவரை மெட்டலே கேட்டிராத நான் எந்தப் பாடலிலிருந்து தொடங்கலாம்?
– வாசகி, திருநெல்வேலி

பதில்: 'சல்ஃபர் சரவுண்டிங்' பாடலிலிருந்து தொடங்குங்கள். அதில் ரீபாவின் குரல் உங்களுக்குப் பிடிமானம் தரும். அடுத்து 'எ ஸ்லிவர்', அதன்பின் தலைப்புப் பாடல். இந்த மூன்றும் பிடித்துப்போனால், ஹெட்ஃபோன் அணிந்து, பாடல்களின் வரிசையைக் கலைக்காமல், முதல் தடத்திலிருந்து முழுமையாகக் கேளுங்கள். அறுபடல்கள் பல, ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்கும் எல்லையிலேயே வைக்கப்பட்டிருக்கின்றன.