அறுபது இருந்தும் விட்டுப்போனவை

கேள்வி: பீனட்ஸ் காமிக்ஸின் பழைய பேப்பர்பேக்குகள் அறுபதுக்கு மேல் சேர்த்துவிட்டேன். ‘முழுத் தொகுப்பு வந்துவிட்டது, அதை வாங்கு’ என்று நண்பர் ஒருவர் நச்சரிக்கிறார். கையில் இருப்பதையே மறுபடியும் காசு கொடுத்து வாங்க வேண்டுமா?

பதில்: உங்களிடம் இல்லாததைத்தான் அவர் வாங்கச் சொல்கிறார்.

சார்லஸ் ஷுல்ஸின் பீனட்ஸ் 1950 அக்டோபர் 2 முதல் 2000 பிப்ரவரி 13 வரை நாளிதழ்களில் வந்தது. மொத்தம் 17,897 ஸ்ட்ரிப்கள், அதாவது சில கட்டங்களில் முடியும் படத்துணுக்குகள். 1952இல் வந்த முதல் புத்தகத்திலிருந்து நெடுங்காலம் வெளியானவை பெரும்பாலும் பொறுக்கியெடுத்த தொகுப்புகள். போதாக்குறைக்கு, பெரிய அளவில் வந்த புத்தகத்தையே பிரித்து, புதுத் தலைப்பு வைத்து, சின்ன பேப்பர்பேக்குகளாகவும் விற்றார்கள். அட்டை மாறியிருந்தால் உள்ளே இருப்பதும் புதிது என்றுதான் யாரும் நினைப்பார்கள். இன்ன புத்தகத்திலிருந்து எடுத்தவை என்று ஒரு வரி பல பிரதிகளில் இருக்கும். அறுபதையும் ஒருமுறை பிரித்துப் பாருங்கள். எத்தனை புத்தகம் என்பதை விடுங்கள், எந்தெந்த ஆண்டு உங்களிடம் இருக்கிறது என்று கணக்கெடுங்கள்.

ஆண்டு வரிசை ஏன் முக்கியம் என்பதற்கு இதில் வரும் லூசி ஒருத்தி போதும். 1952 மார்ச்சில் அவள் வரும்போது முட்டைக்கண் வைத்த சின்னக் குழந்தை, கதாநாயகன் சார்லி பிரவுனைவிட நன்றாகவே இளையவள். சில வருடங்களில் அவனுக்குச் சமவயதாகி, அவனை அதட்டவும் ஆரம்பித்துவிடுகிறாள். ஷ்ரோடரும் லைனஸும் அப்படித்தான், கைக்குழந்தைகளாக வந்து வளர்ந்தவர்கள். சார்லி பிரவுன் உதைக்க ஓடிவரும்போது பந்தை எடுத்துவிடுகிற அந்தப் புகழ்பெற்ற காட்சியில் 1951இல் பந்தைப் பிடித்திருந்தவள் வயலெட். தன் கையை உதைத்துவிடுவானோ என்ற பயத்தில் விட்டுவிடுகிறாள், அவ்வளவுதான். மறு வருடம் பந்து லூசி கைக்குப் போகிறது. பயம் விஷமமாக மாறிய இந்த இடத்தை முன்னும் பின்னுமாகக் கலைத்துப்போட்ட புத்தகங்களில் எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்?

ஷார்லட் பிரவுன் என்று ஒரு பெண் இருந்தாள், தெரியுமா? சத்தம் போட்டே பேசுவாள். 1954 நவம்பர் கடைசியில் வந்தவள், பத்தே ஸ்ட்ரிப்களில் 1955 பிப்ரவரியோடு காணாமல் போனாள். அவள் வேண்டாமென்று எழுதிய வாசகருக்கு, அவள் தலையில் கோடரி பாய்ந்திருப்பதுபோல் படம் வரைந்து ஷுல்ஸ் பதில் எழுதினார். எடுபடாமல் போன முயற்சிகளும் ஒரு கலைஞனின் வேலைதான், பொறுக்கியெடுப்பவர்கள் முதலில் கழிப்பது அவற்றைத்தான். எனக்கு அவை அவசியம் வேண்டும்.

ஃபான்டாகிராஃபிக்ஸ் பதிப்பகம் 2004 முதல் 2016 வரை வெளியிட்ட முழுத் தொகுப்பில் 25 தொகுதிகளுக்குள் எல்லா ஸ்ட்ரிப்களும் தேதி வரிசையில் இருக்கின்றன. 26ஆவது, இதர படைப்புகளுக்கானது. ஒவ்வொன்றின் பின்னாலும் பொருளகராதி உண்டு. ஞாயிற்றுக்கிழமைப் பக்கங்கள் மட்டும் இதில் கறுப்பு வெள்ளைதான். வண்ணத்தில் வேண்டுமென்றால் அதே பதிப்பகத்தின் தனி வரிசை இருக்கிறது.

அதற்காகப் பழையவற்றை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். குறுக்கே, நெடுக்கே, சதுரமாக எப்படி வேண்டுமானாலும் அச்சிடலாம் என்பதற்காகவே நான்கு சமமான கட்டங்களாக விற்கப்பட்ட ஸ்ட்ரிப் இது. சின்ன பேப்பர்பேக்கில் கட்டங்களை மாற்றி அடுக்கும்போது கடைசிக் கட்டம் சட்டென்று கண்ணில் படாது. அந்த வாசிப்பே தனி. புத்தகத்தின் உடைந்த முதுகில் செல்லோடேப் ஒட்டாதீர்கள், கறை பிடிக்கும்.

25ஐயும் ஒரே மூச்சில் வாங்க வேண்டியதில்லை. 1950–52இல் தொடங்கி வரிசையாக நான்கு தொகுதிகள் வாங்குங்கள். அவை வந்ததும், உங்கள் அறுபதில் ஒன்றையொன்று திரும்பச் சொல்லும் பிரதிகளை, படிக்க ஆரம்பிக்கும் ஒரு குழந்தையிடம் கொடுத்துவிடுங்கள்.