குளியலறை வாசலில் ஒரு கணக்குப் பாடம்

சகோதரி, பின்லாந்தின் எஸ்போ நகருக்குக் குடிவந்து ஓராண்டு ஆகிறது, நான்காம் வகுப்பு மகன் இந்த வாரம் பாடநூலைத் திறக்கவே இல்லை, கணக்கு டியூஷன் வைக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். இங்கே வந்த புதிதில் எனக்கும் இதே கலக்கம் இருந்தது.

வாரம் வீணாகவில்லை. பாடங்களை இணைத்துப் படிக்கும் வாரமாகத்தான் அது இருக்கும். 2016 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த தேசியப் பாடத்திட்டப்படி, பல பாடங்களை இணைத்து ஒரே பொருளை ஆராயும் பகுதி ஆண்டுக்கு ஒன்றாவது ஒவ்வொரு மாணவருக்கும் உண்டு. பாடங்களையே ஒழித்துவிட்டார்கள் என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தியை நம்பாதீர்கள். கணக்கும் மொழியும் தனித்தனிப் பாடங்களாகவே தொடர்கின்றன.

என் மகளுக்குக் கிடைத்த பொருள் தண்ணீர். குளியலறைக் குழாயடியில் வாளியை வைத்து, ஒரு நிமிடத்தில் எத்தனை லிட்டர் விழுகிறது என்று அளந்தாள். பிறகு நாங்கள் ஒவ்வொருவரும் எத்தனை நிமிடம் குளிக்கிறோம் என்று கதவுக்கு வெளியே நோட்டும் பென்சிலுமாக நின்று குறித்தாள். அப்பாவின் கணக்கை மட்டும் இரண்டு முறை சரிபார்த்தாள்! வாய்ப்பாட்டை நான் எத்தனையோ முறை ஒப்பிக்க வைத்திருக்கிறேன். அவளாக உட்கார்ந்து பெருக்கியதை அன்றுதான் பார்த்தேன்.

ஆனால் மொழி கைவராத பிள்ளை இந்த முறையில் எளிதில் ஓரமாகிவிடும். புதிதாகக் குடிவந்த பிள்ளைகளுக்கு ஃபின்னிஷ் மொழி கற்பிக்கும் ஆயத்த வகுப்பை முடித்து வழக்கமான வகுப்புக்கு மாறிய என் மகனுக்குக் குழுவில் கிடைத்தது படம் வெட்டி ஒட்டும் வேலை. தேடியதும் எழுதியதும் பேசியதும் மற்றவர்கள். அமைதியாக ஒத்துழைக்கிறான் என்று, பள்ளியும் பெற்றோரும் செய்தி பரிமாறும் வில்மா இணையதளத்தில் ஆசிரியர் பாராட்டி எழுதியிருந்தார். அதைப் படித்தபோது மனம் கனத்துவிட்டது. வீட்டில் வாய் ஓயாதவன் அவன். நேரில் போய்ச் சொன்னேன். அடுத்த முறை அவன் பேசவேண்டிய மூன்று வாக்கியங்களை முன்கூட்டியே தந்தார். அவற்றைச் சொல்லிச் சொல்லிப் பார்த்தபடியே தூங்கிப்போனான்.

ஆகவே டியூஷன் வேண்டாம். குழுவில் அவன் என்ன பேசப்போகிறான், அதற்கு எந்தெந்தச் சொற்கள் வேண்டும் என்று ஆசிரியரிடம் கேளுங்கள். அந்தப் பொருளை வீட்டில் முதலில் தமிழில் பேசவையுங்கள். தமிழில் புரிந்துகொண்டதற்கு ஃபின்னிஷ் சொல் விரைவில் ஒட்டிக்கொள்ளும். போதிய பிள்ளைகள் சேர்ந்தால் நகராட்சியே தாய்மொழி வகுப்பு நடத்தும். உங்கள் பகுதித் தமிழ்க் குடும்பங்களிடம் பேசி, மகனின் பெயரையும் கொடுத்துவிடுங்கள்.