பூனையும் கயிறும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

சிங்கப்பூர் யீஷூனில் எங்கள் அடுக்குமாடி புளோக் கீழ்த்தளத்தில் ஒரு மஞ்சள் பூனை இருக்கிறது. தினமும் சாப்பாடு வைக்கிறேன், ஓடி வரும். டாக்டரிடம் கொண்டுபோகலாம் என்று நினைத்து இறங்கும் நாளில் மட்டும் கார் அடியில் போய் ஒளிந்துகொள்கிறது. கூண்டைத் தூணுக்குப் பின்னால் மறைத்துத்தான் வைக்கிறேன். பல்கலைக்கழகத்தில் படிக்கும் என் மகன், "எல்லாம் பழக்கம்தான் அம்மா, ஜெர்மன் குதிரைக் கதை தெரியாதா?" என்று சிரிக்கிறான். ஐந்தறிவு ஜீவனுக்கு நம் மனதில் இருப்பது தெரியுமா? அதை வீட்டுக்குள் கொண்டுவரலாமா?

ஒரு வாசகி

அன்புள்ள அம்மா,

கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். 2024 செப்டம்பரிலிருந்து வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீடுகளில் இரண்டு பூனைகள் வரை வளர்க்கலாம். உரிமம் எடுங்கள், மைக்ரோசிப் போடுங்கள், ஜன்னலுக்கு வலை அடியுங்கள். கொண்டுவாருங்கள்.

ஆனால் 'ஐந்தறிவு ஜீவன்' என்று இனி எழுதாதீர்கள். கோபமாகத்தான் சொல்கிறேன். மக்களுக்கு ஆறறிவு என்று சொன்ன கையோடு தொல்காப்பியம் 'பிறவும் உளவே அக்கிளைப் பிறப்பே', அதாவது அந்தக் கிளையில் பிறந்தவை வேறும் உண்டு என்கிறது. முதல் பாதியைப் பிடித்துக்கொண்டு மறுபாதியை விழுங்கிவிட்டோம்.

அப்புறம் அந்தக் குதிரை. உங்கள் மகனைப் போல் அரைகுறையாகச் சொல்பவர்கள்தான் அதிகம். பெர்லினில் ஹான்ஸ் என்ற குதிரை கணக்குக்கு விடையைக் குளம்பால் தட்டிக் காட்டியது. 1904இல் ஒரு குழு வந்து பார்த்து, ஏமாற்று எதுவும் இல்லை என்றது. பிறகு ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் என்பவர் உட்கார்ந்து சோதித்தார். கேட்பவருக்கே விடை தெரியாவிட்டால் குதிரைக்கும் தெரியவில்லை. சரியான எண் வந்ததும் கேட்பவரின் தலை மயிரிழை அளவுக்கு நிமிரும். குதிரை அதைப் பார்த்து நிறுத்திவிடும். 'பார், குதிரைக்குக் கணக்குத் தெரியாது' என்று உலகம் கதையை அங்கேயே மூடிவிட்டது. என்ன அநியாயம்! வருடக்கணக்காகக் கூடவே இருந்த அதன் எஜமானருக்கே தன் தலை அசைவது தெரியாது. விஷயம் தெரிந்த பிறகும் ஃபுங்ஸ்ட்டால் தன் தலையை அடக்க முடியவில்லை. நமக்கே தெரியாத ஒன்றை நம் உடம்பிலிருந்து படித்த பிராணியை முட்டாள் என்று பாடப்புத்தகத்தில் போட்டுவிட்டோம்.

படித்தது உடம்பைத்தான், மனதை அல்ல என்பான் உங்கள் மகன். சரி, நாம் மட்டும் அடுத்தவர் மனதுக்குள் இறங்கியா பார்க்கிறோம்? நிக்கோலா கிளேட்டன், நேதன் எமரி என்ற இரண்டு ஆய்வாளர்கள், காக்கை இனத்தைச் சேர்ந்த ஒருவகை ஜே பறவைகளைக் கவனித்து 2001இல் எழுதினார்கள். இரையை ஒளிக்கும்போது இன்னொரு பறவை பார்த்துவிட்டால், தனியாக விட்டதும் வந்து இடத்தை மாற்றி வைத்தன. எல்லாப் பறவைகளும் அல்ல. முன்பு தாமே திருடிப் பழகியவை மட்டும். 'தான் திருடி பிறரை நம்பாள்' என்று நம் பாட்டிகள் சொன்னது அதுதானே?

எங்கள் வீட்டில் மணி என்று ஒரு நாய் இருந்தது. செம்பவாங் பக்கம் கம்பத்து வீடு, அதாவது கிராமத்து வீடு. எழுபதுகளில் காலி செய்யச் சொன்னார்கள். அடுக்குமாடிக்கு அந்த உருவத்து நாயைக் கொண்டுபோக முடியாது. பொங்கோலில் பன்றிப் பண்ணை வைத்திருந்த சீன நண்பரிடம் விட அப்பா ஏற்பாடு செய்துவிட்டார். அன்று காலை அப்பா கையில் இருந்தது தினமும் குளிப்பாட்டக் கட்டும் அதே கயிறு. கூப்பிட்டதும் அதே குரல். மணி வரவில்லை. பலகை வீட்டுக்கு அடியில், தூணை ஒட்டிப் படுத்துக்கொண்டு அப்பாவின் முகத்தையே பார்த்தது. அம்மா கூப்பிட்டார். அசையவில்லை.

எனக்கு எட்டு வயது. எங்கே போகிறோம், எதற்குக் கயிறு என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை. அப்பா என் கையில் ஒரு மேரி பிஸ்கட்டைக் கொடுத்து, "நீ கூப்பிடுடா" என்றார்.

கூப்பிட்டேன். வாலை ஆட்டிக்கொண்டு உடனே வெளியே வந்தது.