எர்டிகா, ரூமியன், எக்ஸ்எல்6: ஆறு பேர் உள்ள வீட்டுக்கு எது?

ஈரோட்டிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "வீட்டில் நான், மனைவி, அப்பா, அம்மா, 9 வயது மகள், 4 வயது மகன். மாதம் ஒருமுறை திருநெல்வேலி போய் வருவோம். மைத்துனர் ஜகார்த்தாவில் சுசுகி எக்ஸ்எல்7 ஹைப்ரிட் வைத்திருக்கிறார். 'இதிலே இருக்கறதெல்லாம் அங்கே தரமாட்டாங்க' என்கிறார். இங்கே மாருதி எர்டிகா, டொயோட்டா ரூமியன், மாருதி எக்ஸ்எல்6 என்று மூன்று கார்களையும் பார்த்துக் குழம்பிவிட்டேன். பாதுகாப்புச் சோதனையில் எர்டிகாவுக்கு ஒரே ஸ்டார்தான் என்றும் ஒரு வீடியோவில் சொன்னார்கள். எதை, எந்த வேரியன்ட்டில் எடுக்கலாம்?"

முதலில் மைத்துனர் கணக்கை முடித்துவிடலாம். எக்ஸ்எல்7, நம் எக்ஸ்எல்6 இரண்டும் எர்டிகாவின் உடம்பிலிருந்து பிறந்தவை. எக்ஸ்எல்6 இங்கே 2019 ஆகஸ்டில் வந்தது; எக்ஸ்எல்7 இந்தோனேசியாவில் 2020 பிப்ரவரியில் வந்தது. அவர் வண்டியின் அடிப்பாகம் தரையிலிருந்து 200 மி.மீ. உயரம், எக்ஸ்எல்6 180 மி.மீ. அவருடையதில் நடுவரிசையில் நீள பெஞ்ச் சீட், ஆக ஏழு பேர். நம்முடையதில் நடுவில் இரண்டு தனித்தனி கேப்டன் சீட், ஆக ஆறு பேர்.

'ஹைப்ரிட்' விஷயத்தில் அவர் பெருமைப்பட ஒன்றுமில்லை. அங்கே எக்ஸ்எல்7-க்கு அந்தப் பெயர் 2023-ல்தான் ஒட்டப்பட்டது. இங்கே பெட்ரோல் எர்டிகாவில் அதே ஏற்பாடு 2018 நவம்பரிலிருந்தே இருக்கிறது. பெல்ட்டில் ஓடும் ஒரு சின்ன மோட்டார். வேகம் எடுக்கும்போது எஞ்சினுக்குக் கொஞ்சம் கைகொடுக்கும், பிரேக் பிடிக்கும்போது பேட்டரியில் சார்ஜ் ஏற்றும், சிக்னலில் நின்ற எஞ்சினைச் சத்தமில்லாமல் எழுப்பும். அவ்வளவுதான். மோட்டாரில் மட்டும் வண்டி ஓடாது. இன்னொன்று, அவருடையது பழைய கே15பி எஞ்சின், ஆட்டோமேட்டிக் என்றால் 4 கியர். 2022 ஏப்ரலிலிருந்து நமக்கு வருவது புதிய கே15சி எஞ்சின், 6 கியர் ஆட்டோமேட்டிக். நாற்கர சாலையில் 100 கி.மீ. வேகத்தில் போகும்போது இந்த இரண்டு கியர் வித்தியாசம் காதில் விழும், எஞ்சின் அலறாது. டாப் எண்டில், அதாவது எல்லா வசதியும் உள்ள வேரியன்ட்டில், அவருக்கு உள்கண்ணாடியிலேயே கேமரா படம் தெரியும். எக்ஸ்எல்6 டாப் எண்டில் காற்றோட்ட முன்சீட்டும் 360 டிகிரி கேமராவும் உண்டு. அடுத்த போனில் இதைச் சொல்லுங்கள்.

வெளிநாட்டு வீடியோ பார்த்து வேரியன்ட் பெயரை மனப்பாடம் செய்வதில் பயனில்லை என்பதற்கு ரூமியனே நல்ல உதாரணம். மாருதி தயாரித்து டொயோட்டா விற்கும் எர்டிகாதான் அது. தென்னாப்பிரிக்காவுக்கு 2021-லேயே இங்கிருந்து கப்பல் ஏறியது. இந்தியாவில் 2023 ஆகஸ்டில்தான் கடைக்கு வந்தது. அங்கே எஸ், எஸ்எக்ஸ், டிஎக்ஸ் என்று மூன்று வேரியன்ட், பழைய எஞ்சின், 4 கியர் ஆட்டோமேட்டிக். இங்கே எஸ், ஜி, வி. இங்குள்ள எஸ் என்பது எர்டிகாவின் இரண்டாம் படி வேரியன்ட்டான விஎக்ஸ்ஐ, ஜி என்பது அதற்கு மேலுள்ள இசட்எக்ஸ்ஐ, வி என்பது டாப் எண்டான இசட்எக்ஸ்ஐ பிளஸ். எர்டிகாவின் பேஸ் மாடல் எல்எக்ஸ்ஐக்கு ரூமியனில் ஜோடி கிடையாது. உத்தரவாதமும் இப்போது இரண்டுக்கும் ஒன்றே: 3 வருடம் அல்லது 1 லட்சம் கி.மீ. அதனால் எர்டிகாவா ரூமியனா என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். எந்த சர்வீஸ் சென்டர் உங்கள் வீட்டுக்குப் பக்கம், எது சீக்கிரம் டெலிவரி தருகிறது என்று பார்த்தால் போதும்.

சரி, உண்மையான கேள்வி எர்டிகாவா எக்ஸ்எல்6-ஆ என்பதுதான். 'ஆறு பேர் இருக்கிறீர்கள், ஆறு சீட் வண்டி, கச்சிதமாகப் பொருந்தும்' என்று ஷோரூமில் சொல்லியிருப்பார்கள். நான் அதற்கு நேர்மாறாகச் சொல்வேன்.

யார் எங்கே உட்காருவார்கள் என்று போட்டுப் பாருங்கள். 4 வயதுப் பையனுக்குக் குழந்தை சீட் வேண்டும். அதை மாட்டும் ஐசோஃபிக்ஸ் கொக்கி இந்த வண்டிகளில் நடுவரிசையில்தான் இருக்கிறது. எக்ஸ்எல்6-ல் ஒரு கேப்டன் சீட் பையனுக்குப் போய்விட்டால் மற்றதில் அம்மா உட்காருவார். ஓட்டுவது நீங்கள், பக்கத்தில் அப்பா. மிச்சம் இருக்கும் மனைவியும் மகளும் கடைசி வரிசைக்குப் போக வேண்டும். கடைசி வரிசையின் இரண்டு சீட்டும் நிமிர்ந்திருக்கும்போது டிக்கியில் மிஞ்சுவது 209 லிட்டர். இரண்டு நடுத்தரப் பெட்டி வைத்தால் நிறைந்துவிடும். ஊரிலிருந்து திரும்பும்போது அரிசி மூட்டையும் தேங்காயும் ஏற்றிவிடுவார்களே, அதை எங்கே வைப்பது?

எர்டிகாவில் அதே ஆறு பேரை உட்கார வையுங்கள். நடுவரிசை பெஞ்சில் ஒரு ஜன்னலோரம் குழந்தை சீட், நடுவில் மனைவி, மறு ஜன்னலோரம் அம்மா. கடைசி வரிசையில் மகள் மட்டும். அந்த வரிசை 50:50 என்று தனித்தனியாக மடங்கும். மகளுக்கு ஒரு பாதி, மறுபாதியை மடக்கினால் கூரை உயரம் வரை சாமான் அடுக்கலாம். ஏழு சீட் வண்டியில் ஆறு பேர் போவதன் லாபமே இதுதான். நடுவில் உட்கார்பவருக்குத் தோள் இடிக்கும், அதை மறைக்கவில்லை. ஆனால் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு மதுரை தாண்டுவதைவிட அது மேல். பையன் பெரியவனாகிக் குழந்தை சீட் தேவையில்லாமல் போனாலும் சாமான் கணக்கு மாறாது. எக்ஸ்எல்6-ல் ஆறு பேர் ஏறினால் கடைசி வரிசை எப்போதும் நிறைந்துதான் இருக்கும்.

ஒரு சின்ன எச்சரிக்கை. எர்டிகாவில் குழந்தை சீட் மாட்டியிருக்கும் பக்கமாக, நடுவரிசை சீட்டை நகர்த்திப் பின்னால் ஏற முடியாது. மறுபக்கம் வழியாகத்தான் மகள் ஏற வேண்டும். அந்தப் பக்கம் இருப்பது பாட்டி. டீக்கடைக்கு டீக்கடை அவர் இறங்கி வழிவிட வேண்டியிருக்கும். டெஸ்ட் டிரைவுக்கு நீங்கள் தனியாகப் போகாதீர்கள். ஆறு பேரும் போங்கள், குழந்தை சீட்டையும் எடுத்துப் போங்கள். நடுவரிசையின் நடு சீட்டில் பெல்ட்டை இழுத்து மாட்டிப் பாருங்கள்: தோளுக்கும் இடுப்புக்கும் சேர்த்து வரும் மூன்று முனை பெல்ட் இருக்கிற வண்டியை மட்டும் எடுங்கள்.

அப்புறம் அந்த ஒரு ஸ்டார். வீடியோவில் சொன்னது பொய்யில்லை. 2024 ஜூலையில், கார்களை மோதவிட்டு ஸ்டார் தரும் குளோபல் என்கேப் அமைப்பு ஆப்பிரிக்கச் சந்தைக்காக மோதிப் பார்த்த, இந்தியாவில் செய்த எர்டிகாவுக்குப் பெரியவர்கள் பாதுகாப்பில் 1 ஸ்டார், குழந்தைகள் பாதுகாப்பில் 2 ஸ்டார். அது இரண்டு ஏர்பேக் வண்டி. 2019-ல் இதே தலைமுறை எர்டிகா 3 ஸ்டார் வாங்கியிருந்தது. நடுவில் சோதனை விதிகள் கடுமையாகிவிட்டன. 2025 ஜூலையிலிருந்து இந்திய எர்டிகாவில் எல்லா வேரியன்ட்டிலும் 6 ஏர்பேக் வருகிறது. நல்லதுதான், ஆனால் இரண்டு சோதனையிலும் வண்டியின் கூடு நிலையற்றது என்றே குறித்தார்கள். ஏர்பேக் கூடியதால் இரும்பு கெட்டியாகிவிடாது. இது உங்கள் தூக்கத்தைக் கெடுக்கும் என்றால் கியா கேரன்ஸையும் ஒருமுறை பாருங்கள். 2022-ல் வந்த நாளிலிருந்தே அதில் 6 ஏர்பேக். குளோபல் என்கேப்பின் புதிய விதிகளின்படி 2024-ல் நடந்த சோதனையில், மேம்படுத்திய கேரன்ஸ் பெரியவர்களுக்கு 3, குழந்தைகளுக்கு 5 ஸ்டார் வாங்கியது. அதே சோதனையில் மேம்படுத்துவதற்கு முந்தைய கேரன்ஸுக்குப் பெரியவர் பாதுகாப்பில் பூஜ்யம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆகவே அதில் பழைய வண்டி தேடிப் போக வேண்டாம்.

எர்டிகாதான் என்று முடிவு செய்தால் வேரியன்ட் தேர்வில் ஆர்டிஓ வரிக்குப் பெரிய பங்கு உண்டு. தமிழ்நாட்டில் 2023 நவம்பரிலிருந்து, 10 லட்சம் வரையுள்ள காருக்கு வாழ்நாள் வரி 13 சதவீதம் (5 லட்சத்துக்கு மேல்), 10 லட்சத்தைத் தாண்டினால் 20 லட்சம் வரை 18 சதவீதம். 9.9 லட்ச வண்டிக்கு வரி 1,28,700 ரூபாய். 10.1 லட்ச வண்டிக்கு 1,81,800. விலையில் 20,000 கூடினால் வரியில் 53,100 கூடுகிறது! விஎக்ஸ்ஐ கியர் வண்டி இந்தக் கோட்டை ஒட்டியே நிற்கும். இசட்எக்ஸ்ஐ கோட்டுக்கு அந்தப் பக்கம். எனவே ஷோரூம் விலையை ஒப்பிடாமல் இரண்டுக்கும் ஆன்-ரோடு விலையை (வரி, இன்சூரன்ஸ் எல்லாம் சேர்ந்தது) எழுதி வாங்குங்கள்.

என் கருத்து: கியர் போட்டு ஓட்டுவதில் சலிப்பில்லை என்றால் விஎக்ஸ்ஐ. டச் ஸ்கிரீன், அலாய் வீல், ஆட்டோமேட்டிக் ஏசி எல்லாம் இசட்எக்ஸ்ஐயில் வரும்; ஆசை, தேவை இல்லை. இசட்எக்ஸ்ஐ பிளஸ் வேண்டாம். ஆட்டோமேட்டிக் வேண்டுமானால் அதுவும் விஎக்ஸ்ஐயிலிருந்தே கிடைக்கிறது. சிஎன்ஜி, அதாவது இயற்கை எரிவாயுவில் ஓடும் வண்டி, உங்களுக்கு ஒத்து வராது. கிலோவுக்கு 26.11 கி.மீ. என்று சான்று சொல்கிறது, கேட்க ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் சிலிண்டர் டிக்கியை விழுங்கிவிடும், ஆட்டோமேட்டிக்கும் கிடையாது, 103 குதிரைத்திறன் 88-ஆகக் குறையும். ஆறு பேரும் சாமானும் ஏறிய வண்டியில் லாரியை முந்தும்போது அந்தக் குறை தெரியும்.

வாங்கும்போது எந்த மாதம் தயாரான வண்டி என்று கேளுங்கள். 2025-ல் ஏர்பேக் மட்டும் மாறவில்லை; அதுவரை கூரையிலிருந்து வந்த நடுவரிசை ஏசி காற்று முன்சீட்டுகளுக்கு நடுவே பின்பக்கத்துக்கு இறங்கியது, கடைசி வரிசைக்கும் தனியாகக் காற்று வந்தது. மகள் உட்காரப் போவது அங்கேதான். தள்ளுபடி தாராளமாகப் பேசினால், நிற்கிற பழைய ஸ்டாக்கா என்று சேஸிஸ் எண்ணை வைத்துச் சரிபார்த்துவிட்டு முன்பணம் கட்டுங்கள்.