அந்தக் கொட்டாவி நிஜம்

கேள்வி: நெட்ஃபிளிக்ஸின் ‘அடோலசென்ஸ்’ தொடரில் ஒவ்வொரு எபிசோடும் ஒரே ஷாட் என்கிறார்கள். அங்கங்கே வெட்டி, கம்ப்யூட்டரில் ஒட்டிவிட்டு விளம்பரத்துக்காகச் சொல்கிறார்களோ?
— வாசகர், திருச்சி

பதில்: இல்லை. நான்கு எபிசோடிலும் ஒட்டே கிடையாது. ஒவ்வொன்றுக்கும் நாள்கணக்கில் ஒத்திகை பார்த்தார்கள். பிறகு நாளுக்கு இரண்டு முறை வீதம் முழு எபிசோடையும் எடுத்தார்கள். நடுவில் பெரிதாகச் சொதப்பினால் மறுபடி முதலிலிருந்து. முதல் எபிசோடில் நாம் பார்ப்பது 2-வது டேக், நான்காவதில் 16-வது.

கம்ப்யூட்டர் வேலை கொஞ்சம் உண்டு, ஆனால் ஒட்டுவதற்கு அல்ல. இரண்டாவது எபிசோடில் பள்ளிக்கூட ஜன்னல் வழியே ஒரு பையன் குதித்து ஓட, கேமராவும் பின்னாலேயே பாய்கிறதே, அந்த ஜன்னலில் கண்ணாடி கிடையாது, பிறகு சேர்த்தார்கள். அதே எபிசோடின் முடிவில் ஓடிக்கொண்டிருக்கும் கேமராவை ட்ரோனில் மாட்டிப் பறக்கவிட்டு, கொலை நடந்த இடத்தில் கீழே இறக்கி, கையில் வாங்கி, கொலைப் பழி விழுந்த பையனின் தகப்பனாக நடிக்கும் ஸ்டீபன் கிரஹாமின் முகத்துக்கு அப்படியே கொண்டுபோனார்கள்.

இவ்வளவும் சாமர்த்தியம்தான். ஆனால், ஒரே ஷாட்டால் என்ன கிடைத்தது என்று கேட்டால் நான் மூன்றாவது எபிசோடைத்தான் காட்டுவேன். முதலில் படமாக்கியதே அதைத்தான். கொலைக் குற்றம் சுமத்தப்பட்ட 13 வயதுப் பையனாக ஓவன் கூப்பர். அப்போது அவருக்கு வயது 14. நடிப்பில் அதுதான் முதல் வேலை. எதிரே உளவியல் நிபுணராக எரின் டோஹர்ட்டி. பெரும்பகுதி ஒரே அறை, இருவர் மட்டும். ஓரிடத்தில் பையன் கொட்டாவி விடுகிறான். ஸ்கிரிப்டில் இல்லாதது; நிஜமான களைப்பு. டோஹர்ட்டி நிறுத்தவில்லை. ‘நான் போரடிக்கிறேனா?’ என்று பாத்திரமாகவே கேட்டுவிட்டார். பையன் முகத்தில் ஒரு சிரிப்பு எட்டிப்பார்க்கிறது.

துண்டு துண்டாக எடுத்திருந்தால் ‘கட்’ சொல்லி, அந்தக் கொட்டாவியைத் தூக்கி எறிந்திருப்பார்கள். இங்கே அது தங்கிவிட்டது. கொஞ்ச நேரம் கழித்து இதே பையன் எழுந்து நின்று கத்தும்போது நமக்கு ஏன் வயிற்றைப் பிசைகிறது? சற்றுமுன் வகுப்பில் தூக்கம் வந்த சிறுவனைப்போல் அவனைப் பார்த்துவிட்டோம், அதனால்தான். 15 வயதில் அந்தப் பிள்ளை, அமெரிக்கத் தொலைக்காட்சியின் பெரிய விருதான எம்மியை வாங்கினார். நடிப்புக்காக அதைப் பெற்ற ஆண்களில் அவரே மிக இளையவர்.

ஒட்டு எங்கே என்று தேடிக்கொண்டே பார்த்திருக்கிறீர்கள். மூன்றாவது எபிசோடை மட்டும் இன்னொரு தடவை, அந்த இருவரின் முகத்தை மட்டும் பார்த்துவிட்டு எழுதுங்கள்.